முதல் பஸ்ஸும் மூன்று கடிகாரங்களும்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்று சொல்லி முடித்துவிடுவேன். ஒப்பந்தக் காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லத் தெம்பு வேண்டும். கொல்லிமலையில் மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் அலுவலகங்களின் கணினிகளுக்கெல்லாம் நான் ஒரே ஆள். சில ஊர்கள் சேர்ந்தால் இங்கே அதற்கு நாடு என்று பெயர். குண்டூர் நாட்டில் பிரிண்டர் காகிதத்தைத் தின்றால் நான் போக வேண்டும். குண்டனி நாட்டில் சிபியூவுக்குள் பல்லி செத்துக் கிடந்தாலும் நான்தான் போக வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுவதை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே விட்டுவிட்டேன். என் முதுகு மட்டும் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது.

இத்தனையிலும் என்னை அதிகம் களைக்கவைத்தது எடப்புளி நாட்டுப் பக்கம் இருந்த ஒரு சுகாதார நிலையத்தின் பழைய கணினி. அதனோடு விரல் வைக்கும் பெட்டி ஒன்றை இணைத்திருந்தார்கள். காலையில் ஒன்பதேகாலுக்குள் விரல் வைக்க வேண்டும், தாண்டினால் தாமதம். மூன்று தாமதம் சேர்ந்தால் ஒரு நாள் விடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். மாலையில் நான்கு மணிக்கு மேல் விரல் வைத்தால்தான் வெளியே விடும். அதற்கு முன்னால் வைத்தால் "நேரம் ஆகவில்லை" என்று ஒரு பெண் குரல் கண்டிக்கும். என்னை அந்தத் தொனியில் கண்டிக்க வீட்டில் ஏற்கெனவே ஆள் இருப்பதால் எனக்கு அது பழகிப்போன குரல்.

கோளாறு இதுதான்: மாலையில் அந்தக் கணினியின் நேரம் பின்தங்கிவிடும். எல்லோருடைய போனிலும் நான்கு ஆகியிருக்கும். இதில் மூன்றரையைத் தாண்டி எங்கோ நொண்டிக்கொண்டிருக்கும். தினமும் இப்படி என்றால்கூடப் பரவாயில்லை. சில நாள் சரியாக இருக்கும், சில நாள் பின்தங்கும். தினமும் தப்பு செய்கிற இயந்திரத்தைச் சமாளித்துவிடலாம். எப்போதாவது தப்பு செய்வது மனிதர்களைப் போல. அதை எங்கே பிடிப்பது?

நான்கு மணி தாண்டிய சூட்டோடு கீழே இறங்குகிற பஸ் ஒன்று உண்டு. அந்த டிரைவர் அடிவாரத்தில் வேறு ஆளிடம் வண்டியை ஒப்படைக்க வேண்டும், யாருக்காகவும் நிற்கமாட்டார். அடுத்த பஸ் இருட்டிய பிறகுதான். அங்கே ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் தங்கச்சிக்கு இதுதான் உயிர் போகிற பிரச்சினை. அவளுக்கு அடிவாரத்தில் வீடு. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, மலை மிளகை வாங்கி விற்கிறவர். பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. குழந்தை கண் விழிக்கும் முன் கிளம்பி வருகிறாள். நான்கு மணி பஸ்ஸை விட்டால், அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் அது தூங்கிவிடும்.

"முந்தாநேத்து மட்டும் முழிச்சிருந்துச்சுங்கண்ணா," என்றாள் ஒரு நாள். "தூக்கப் போனா, வெளியூர்லருந்து யாரோ ஒரம்பரை வந்த மாதிரி உத்துப் பாத்துட்டு எங்கம்மா தோள்ல மூஞ்சிய வெச்சுக்கிச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அதுவே அபூர்வம்.

"இத நான் சரி பண்ணித் தாரேன். ஒரு வாரம்," என்றேன்.

மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்மசிஸ்ட் அண்ணன் எட்டிப் பார்த்தார். நிலையத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிற மனிதர். பஸ்ஸைப் பற்றிய கவலை எதுவும் அவருக்குக் கிடையாது.

"எந்த வாரம்னு சொல்லலீங்களே," என்றார்.

வேலையைத் தொடங்கினேன். இயங்குதளத்தின் நடு மையத்தில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. கணினியின் உறுப்புகளையெல்லாம் கட்டி மேய்ப்பது அதுதான். "மணி என்ன" என்று எந்த மென்பொருள் கேட்டாலும் அதுதான் பதில் சொல்லியாக வேண்டும். லேப் தங்கச்சிக்கு இதை விளக்கப் போனேன்.

"ஏம்மா, உள்ள ஒரே ஒரு கடிகாரம் ஓடுதுன்னு நெனச்சியா? மூணு இருக்குது."

"ஒன்னையே ஒழுங்கா வெக்கத் தெரியல, மூணு வெச்சிருக்கீங்களா?"

கல்யாண வீட்டை உதாரணம் காட்டினேன். "பந்தி எப்ப?" என்று மூன்று பேரிடம் கேட்கிறோம். முதல் ஆள் பெண்ணின் தாய்மாமன். "இதோ, ரெண்டே நிமிஷம்" என்பார். கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிடும். ப்ராசசருக்குள்ளேயே துடிப்புகளை எண்ணிக்கொண்டு ஓடும் கவுண்டர், அதாவது எண்ணி, அந்த வகை. பதில் உடனே கிடைக்கும். ஆனால் பழைய ப்ராசசர்கள் வேலை இல்லாதபோது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எண்ணியும் கூடச் சேர்ந்து சோம்பிவிடும். இரண்டாவது ஆள் சமையல்கட்டு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். அது மதர்போர்டில் தனியாக இருக்கும் டைமர். பதில் வரத் தாமதமாகும், ஓட்டம் ஒரே சீர். மூன்றாவது ஆள் இலை எண்ணுகிறவர். அவரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு, பேச்சும் இழுவை, ஆனால் பொய் வராது. அது மின்சாரச் சிக்கனத்துக்காக அந்தக் காலத்திலிருந்தே வைத்திருக்கும் இன்னொரு டைமர். இந்த மூவரில் யாரை நம்புவது என்று கெர்னல் தானே தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுத்தவரையும் சும்மா விடாது. ஒரு காவலாளியை வைத்து அவர் பேச்சை இன்னொருவர் பேச்சோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

"அப்ப உங்களவிட அதுக்கு வெவரம் ஜாஸ்திதானுங்ணா," என்றாள்.

அந்த வார்த்தையை அன்றைக்கே நான் மதித்திருக்கலாம்.

கணினியைத் திறந்தவுடன் கெர்னல் எழுதிவைக்கும் செய்திகளைப் பார்த்தேன். ப்ராசசரின் எண்ணி நம்பும்படி இல்லை, மதர்போர்டு டைமருக்கு மாறிவிட்டேன் என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. அப்படி மாறிய பிறகும் நேரம் பின்தங்குகிறது என்றால் அந்த டைமரும் கெட்டதாகத்தானே இருக்க வேண்டும்? இலை எண்ணுகிறவரே கதி என்று மூன்றாவது கடிகாரத்தைக் கட்டாயப்படுத்தி வைத்தேன். மறுநாள் மாலை நேரம் அச்சுப் பிசகாமல் இருந்தது. லேப் தங்கச்சி பஸ்ஸைப் பிடித்தாள். அதற்கடுத்த நாள் கீழேயிருந்து ஒரு பொட்டலம் முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாள். நான் அதைத் தின்றுகொண்டே ஜன்னலருகில் போய், பார்மசிஸ்ட் அண்ணன் காதில் விழும்படி நன்றாகக் கடித்தேன்.

அன்று மாலையே நேரம் பின்தங்கியது. முறுக்கைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

பிறகு நடந்ததையெல்லாம் சொன்னால் என் பிழைப்பு கெடும். இரண்டாவது கடிகாரத்துக்கு மாற்றினேன். காவலாளியின் வாயைக் கட்டிவிட்டு முதல் கடிகாரத்தை நம்பச் சொன்னேன். அன்று பார்த்து நேரம் சரியாக இருந்தது, மறுநாள் இல்லை. மதர்போர்டின் பேட்டரியை மாற்றினேன். இணையம் கிடைக்கிற நாளில் கணினி வெளியிலிருந்து நேரத்தைக் கேட்டுத் தானே திருத்திக்கொள்ளும். ஆனால் அங்கே டவர் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஒரு கட்டத்தில், மலையின் மூடுபனி உள்ளே புகுந்து டைமரை ஈரமாக்குகிறது என்றுகூட ஒரு கொள்கை கண்டுபிடித்தேன்.

"அப்ப அதுக்கும் ஒரு கம்பளி வாங்கிப் போடுங்க," என்றார் பார்மசிஸ்ட் அண்ணன்.

ஒரு வாரம் என்று சொன்னது ஒரு மாதத்தைத் தாண்டியது. லேப் தங்கச்சி கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் உள்ளே நுழைந்தால் "வாங்கண்ணா" என்பதோடு சரி. அவள் திட்டியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

வழக்கமாக மற்ற அலுவலகங்களை முடித்துக்கொண்டு மத்தியானம்தான் அங்கே போவேன். ஒரு நாள், வேறு வேலை எதையும் தொடாமல், விடிந்ததும் பைக்கில் நேராக மலையேறினேன். பாதி ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. அதன் பின்னால் முதல் பஸ். ஜன்னலோரம் லேப் தங்கச்சி; கையை விரித்துக் காட்டினாள். நான் சந்தில் பைக்கை நுழைத்து மேலே வந்துவிட்டேன்.

நிலையத்தில் கணினி ஓடிக்கொண்டிருந்தது. என் போனோடு ஒப்பிட்டேன். அச்சுப் பிசகவில்லை. ஒன்பது ஆயிற்று, ஒன்பதேகால் ஆயிற்று, அப்போதும் சரி. நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், பரீட்சை ஹாலில் காப்பி அடிப்பவனைப் பிடிக்கக் காத்திருக்கும் வாத்தியார் மாதிரி. ஒன்பதரை நெருங்கியபோது கீழ் வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

பார்மசிஸ்ட் அண்ணன் காப்பி டம்ளரோடு வந்தார். "சித்தெ தள்ளி உக்காருங்க," என்றார். டம்ளரை ஒரு கையில் வைத்துக்கொண்டே மறு கையால் தட்டினார். திரையில் மணி ஒன்பது ஆனது.

போனை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"என்னங்கண்ணா பண்றீங்க?"

"மணி வெக்கறனுங்க."

"ஏற்கெனவே சரியாத்தானே இருந்துச்சு?"

"எங்கீங்க சரி? ஒம்பதரை ஆகப் போவுதுங்குது. பஸ்ஸே இப்பத்தான் வருது. பஸ் வந்தா ஒம்போதுங்க."

அவர் கேலி செய்யவில்லை. அந்தப் பக்கம் முழுக்கவே அப்படித்தான். முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டால் ஒன்பது. டீக்கடையில் இரண்டாம் தரம் பால் காய்ச்சுவது, கூலி ஆட்கள் காட்டில் இறங்குவது எல்லாம் அந்த ஹாரனுக்குத்தான். எனக்கு முன்னால் இருந்த டெக்னீசியன், பேட்டரி செத்து, அணைத்தால் கணினி மணியை மறந்துவிடுகிற காலத்தில், காலையில் நேரத்தை வைத்துவிடச் சொல்லி இவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். புது பேட்டரி போட்ட பிறகும் இவர் கடமை தவறவில்லை.

"ஏனுங்கண்ணா, ஒரு மாசமா நான் இங்க மல்லுக்கட்டறனே, ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"நீங்க என்னமோ உள்ள மூணு கடிகாரம்னு சொன்னீங்க. நான் வெக்கறது வெளிய இருக்கற கடிகாரமுங்க. அது வேற, இது வேறன்னு நெனச்சேன்."

இதற்குள் பஸ்ஸிலிருந்து இறங்கிய லேப் தங்கச்சி ஓட்டமாக வந்து விரலை வைத்தாள். "வருகை பதிவானது" என்றது பெட்டி. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். பஸ் நேரத்துக்கு வந்த நாட்களில் எல்லாம் சரி. பஸ் தாமதித்த நாட்களில் இவர் மணியைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார். மத்தியானம் டவர் வந்தால் கணினி திருத்திக்கொண்டது. வராவிட்டால் காலையில் தள்ளிய அரைமணி, மாலையில் அவள் தலையில் விழுந்தது.

பார்மசிஸ்ட் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "அட சாமி! கைப்புள்ளைய உட்டுட்டு பஸ்ஸுல வார பொண்ணு லேட்டு வாங்கக் கூடாதுன்னுதானே நான் வெச்சேன்," என்றார். முதல்முறையாக அவர் குரலில் கிண்டல் இல்லை.

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். கேள்வி இப்போது எளிமையாகிவிட்டது; அதுதான் கஷ்டம். பஸ்ஸை நம்பினால் காலை அவளுடையது, மாலை போய்விடும். உண்மையான நேரத்தை நம்பினால் மாலை கிடைக்கும். ஆனால் லாரி மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு நாளும் தாமதம். பிரசவத்தில் தீர்ந்தது போக அவளிடம் மிச்சம் இருந்ததோ கொஞ்சம் விடுப்புதான்.

"என்னம்மா பண்ணலாம்? எத வெக்கறது?"

"நெசமான மணிய வெச்சிருங்கண்ணா," என்றாள். "லீவு போனாப் போச்சாதுங்க. எம் பொண்ணுக்கு என்னைய அடையாளம் தெரியோணும்."

பார்மசிஸ்ட் அண்ணன் கணினியை ஒன்பதிலிருந்து விலக்கிச் சரியான நேரத்தைத் தானே வைத்தார். பிறகு யாரும் நேரத்தைத் தொட முடியாதபடி பூட்டினேன். அதன்பின் ஒரு மாதமாக நான் போட்டுவைத்த கட்டாயங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். உன் இஷ்டம், எந்தக் கடிகாரம் வேண்டுமோ எடுத்துக்கொள் என்று கெர்னலிடம் விட்டுவிட்டு, கணினியை அணைத்துத் திறந்தேன். ப்ராசசரின் எண்ணி நம்பும்படி இல்லை, மதர்போர்டு டைமருக்கு மாறிவிட்டேன் என்று எழுதியது. முதல் நாள் எழுதிய அதே வரி. ஒரு மாதம் அலைந்து, அது ஏற்கெனவே சரியாக நின்ற இடத்திலேயே கொண்டுபோய் விட்டிருக்கிறேன். இதற்குப் பெயர்தான் ஒப்பந்தக் காகிதத்தில் நீளமாக எழுதியிருக்கிறது.

அடுத்த வாரம் நல்ல மழை. பைக் கிளம்பவில்லை, நானும் முதல் பஸ்ஸில்தான் ஏறினேன். வளைவுக்கு வளைவு நின்று நிலையத்துக்கு வந்து சேரும்போது ஒன்பதரையைத் தாண்டிவிட்டது. பஸ்ஸில் வந்த எல்லோருக்கும் தாமதம். ஒப்பந்த ஆளும் அன்றைக்கு முதலில் போகும் அலுவலகத்தில் விரல் வைக்க வேண்டும் என்பதால் எனக்கும் தாமதம். நர்ஸ் அக்கா ஒருவர் என்னைப் பார்த்த பார்வையில் ஊசி இருந்தது. லேப் தங்கச்சி மட்டும், "நல்லா சரி பண்ணீங்க போங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மாலை நான்கு. அவள் விரலை வைத்தாள், பெட்டி விடை கொடுத்தது, குடையை விரிக்கக்கூட நிற்காமல் ஓடினாள். அவளுக்குப் பின்னால் நான் வைத்தேன். காலையிலிருந்து சிபியூவைக் கழற்றித் துடைத்த விரல். தூசியும் பிசுக்கும் சேர்ந்து ரேகையே தெரியவில்லை. "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது. சட்டையில் துடைத்தேன், மழையில் நீட்டிக் கழுவினேன், மறுபடி வைத்தேன். மீண்டும் முயற்சிக்கவும். வாசலில் பஸ் ஹாரன் அடித்துவிட்டு இறங்கிப் போனது. பின் ஜன்னலில் அவள் கையாட்டுவது மழையில் மங்கலாகத் தெரிந்தது.

பார்மசிஸ்ட் அண்ணன் இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தார்.

"மணி சரியா இருக்குதுங்களா?" என்றார்.

"மணிக்கு ஒன்னுமில்லீங்க," என்றேன்.

மறுநாள் லேப் தங்கச்சி என்னைக் கூப்பிட்டு மூக்கைக் காட்டினாள். நுனியில் சின்னதாக இரண்டு பல் பதிந்து சிவந்திருந்தது.

"தூங்காம உக்காந்திருந்துச்சுங்கண்ணா," என்றாள். "போனதும் புடிச்சுக் கடிச்சு வெச்சிருச்சு."