பென்சிலால் ஒரு தள்ளு

கடைத்தெருவில் அவருக்கு ஊதல்காரர் என்று பெயர். எந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் மூடியைக் கழற்றி, முதல் வேலையாக வாயால் ஒரு ஊது ஊதுவார். ஆன் செய்தும் உள்ளே ஃபேன் சுத்தவில்லையா, அவரை விட்டால் ஆளில்லை. ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா, இறக்கையில் ஏதாவது சிக்கியிருக்கிறதா, அச்சு காய்ந்துவிட்டதா என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். நல்ல ஃபேனை மாற்றச் சொல்லி யாரையும் ஏமாற்றியதில்லை. செத்த ஃபேனை ஓட்டச் சொன்னதும் இல்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷன் பெற்ற மகளிடம் மட்டும் ஒன்றரை வருடமாகப் பச்சைப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் வேலை கிடைத்து வெகுதூரம் போனவள். இவர் கையால் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டரையும் கூடவே கொண்டுபோனாள். போன் வந்தால் அம்மாவோடுதான் பேச்சு. அப்பாவிடம் "சாப்பிட்டீங்களா?" என்பாள், இவர் "ம்" என்பார், முடிந்தது. பேச்சில் இரண்டு பேருமே மகா கஞ்சம், யாரைக் குறை சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிசயமாக அப்பாவைக் கேட்டாள். ஆன் செய்தால் ஃபேன் சுத்தவில்லையாம். அச்சு காய்ந்துவிட்டது, மாற்றியாக வேண்டும் என்று கேட்டவுடனே இவருக்குத் தெரிந்துவிட்டது. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, பென்சில் நுனியால் இறக்கையை மெல்லத் தள்ளிவிடச் சொன்னார். கர்ரென்று இழுத்துக்கொண்டு அது கிளம்பியது. சீராக ஓடும்வரை காத்திருக்க வேண்டுமே, அதுவரை பேசினார்கள். அவள் அறை ஜன்னல், அங்கே பெய்த மழை, அவள் மேலதிகாரி போடும் தும்மல். முழுசாகப் பத்து நிமிடம்! அவள் அதை ஞாயிறுதோறும்தான் ஆன் செய்வாள். ஆகவே ஞாயிறுதோறும் பென்சில், ஞாயிறுதோறும் பத்து நிமிடம். வாரம் முழுக்க அதற்காகவே ஏங்கிக் கிடந்தார்.

அப்புறம் ஒருநாள் கடைக்கு ஒரு மெஷின் வந்தது. ஃபேன் நின்று, சூட்டில் உள்ளே கருகிப்போயிருந்தது. அந்த வாடையை முகர்ந்ததும் இவர் மனசு கேட்கவில்லை. இருப்பதிலேயே நல்ல ஃபேனாக எடுத்து, ஒருநாள் முழுக்க மேஜையில் ஓடவிட்டுப் பார்த்து, மகளுக்கு அனுப்பினார்.

"இனிமே அவ உங்களக் கேக்க மாட்டாளே," என்றாள் மனைவி. எல்லாம் தெரிந்தவள்.

அப்படியே ஆயிற்று. புது ஃபேனை மாட்டிவிட்டாளாம், சத்தமே இல்லையாம், மனைவி வந்து சொன்னாள். இரண்டு ஞாயிறு போன் அம்மாவோடு முடிந்தது. இவர் ஏற்கெனவே துடைத்த கீபோர்டை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் ஞாயிறு மனைவி போனை நீட்டினாள்.

"அப்பா, ஃபேன் சுத்தல."

பதறிப்போனார். போனை மெஷின் பக்கத்தில் வைத்து ஆன் செய்யச் சொன்னார். கிளிக். எடுத்த எடுப்பிலேயே மெல்லிசாக, ஒரு தடங்கலும் இல்லாமல் அது ஓடுவது கேட்டது. ஒருநாள் முழுக்கக் கேட்ட சத்தம், தெரியாதா அவருக்கு?

"கேக்குதாப்பா?"

"கேக்குதும்மா. சுத்தல. பென்சில எடு," என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.