அணுகுண்டு வழக்கு, செலவுத் தொகையுடன் தள்ளுபடி

திண்டிவனத்து வக்கீல்களைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமானால், அவர்கள் கொடுத்த காபி சூடாக இருந்தது என்பேன். அதையும் என் அம்மாவுக்குக் கொடுக்கவில்லை.

1964-ஆம் வருடத் தொடக்கம். நான் விழுப்புரத்தில் பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் படிப்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அம்மாவும் ஒருமுறை உள்ளே வந்திருக்கிறாள், மதில் சுவருக்குச் சுண்ணாம்பு சுமந்துகொண்டு.

திண்டிவனத்தில் வக்கீல்கள் சிலர் சேர்ந்து மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி வைத்தார்கள். 'அணுகுண்டு சட்டத்துக்கு உட்பட்டதா?' என்பது தலைப்பு. வெல்கிறவரின் கல்லூரிச் செலவு முழுவதையும் தாங்களே ஏற்பதாக அறிவித்திருந்தார்கள். எனக்கு அந்தச் செலவைச் செய்ய வேறு ஆள் கிடையாது. வென்றால் கல்லூரி, தோற்றால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

விழுப்புரம் வாசகசாலையில் பெண்கள் உட்கார இடமில்லை. ஒரு மாதம் நின்றுகொண்டே படித்தேன். நான் பக்கம் புரட்டும்போதெல்லாம் சாய்வு மேசையில் இருந்தவர்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள், ஏதோ ஆடு உள்ளே வந்து காகிதத்தைத் தின்பதுபோல. முந்தைய மாதம்தான் ஜப்பானில் ஒரு கோர்ட், அந்த இரண்டு ஊர்கள்மேல் குண்டு போட்டது உலகச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. போரில் விஷம் வைக்கக் கூடாது என்று நாடுகள் எப்போதோ கையெழுத்துப் போட்டிருந்தன. இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவதாக ஒன்று எனக்கு வீட்டிலேயே கிடைத்தது. எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் ஏரித் தண்ணீரில் தீராத பகை. மண்டைகள் உடைந்திருக்கின்றன, வைக்கோல் போர்கள் எரிந்திருக்கின்றன. ஆனால் கிணற்றில் எவனும் விஷம் வைத்ததில்லை. வைத்தால் அவனுடைய சொந்த ஊரே அவனுக்கு நெருப்புகூடக் கொடுக்காது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாததால் யாரும் மறந்ததுமில்லை.

போட்டி நாளன்று அம்மா கூலி வேலையை விட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் வந்தாள். மண்டபத்தின் வாசற்படியோரம் நின்றுகொண்டாள். உள்ளே வரச் சொல்லி ஒருவரும் அழைக்கவில்லை.

மூன்றையும் நான் பேசினேன். கிணற்றுக்கு வந்தபோது, நடுவராக இருந்த மூத்த வக்கீல் கையை உயர்த்தினார்.

"ஏம்மா, கெணத்துக் கதையெல்லாம் இருக்கட்டும். அணுகுண்டு போடக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு? செக்‌ஷன் சொல்லு."

"விஷம் வைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குங்க."

"குண்டு நெருப்பும்மா. விஷமில்ல."

"நெருப்புல தப்பிச்சவங்க பத்து வருஷம் கழிச்சி ரத்தம் கெட்டுச் சாகறாங்க. அது எந்த நெருப்புங்க?"

"சாம்பிள் எடுத்துக்கினு வந்திருக்கியா?" என்றார். முன்வரிசை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"ஜப்பான் கோர்ட்டே சொல்லியிருக்குங்க."

"அது நம்மள கட்டாது. அதுவும் இல்லாம, நஷ்டஈடு கேட்டவனுக்கு ஒண்ணும் கெடையாதுன்னு அந்தக் கோர்ட்டே தள்ளிடுச்சில்ல? அத ஏன் சொல்லல?"

அது உண்மைதான். நான் சொல்லாமல் விட்டிருந்தேன். தப்பு என்று சொல்லிவிட்டு, தப்புக்கு ஆளானவனை வெறுங்கையோடு அனுப்பிய தீர்ப்பு அது. எனக்கு அது வெட்கமாகப் பட்டது. அவருக்கு அதுவே பலமாகப் பட்டது. நாங்கள் இருவரும் ஒரே செய்தியைத்தான் படித்திருந்தோம்.

எனக்கு அடுத்து ஒரு பையன் ஏறினான். அந்த மூத்த வக்கீலின் தம்பி மகன். தடை என்று எழுதாதது எல்லாம் அனுமதிதான் என்று மணிமணியாகப் பேசினான். முன்வரிசையில் வக்கீலின் குமாஸ்தா ஒவ்வொரு வரிக்கும் கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பேச்சை எழுதிக் கொடுத்தது யார் என்று அப்போது தெரிந்துவிட்டது. முப்பது வருடமாக மனு எழுதிய கை அது, முடிக்க வேண்டிய இடத்தில் தன் வழக்கப்படியே முடித்திருக்கிறது. மனப்பாடம் செய்த பையனும் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தான்:

"ஆகவே, மேற்படி காரணங்களை முன்னிட்டு, இந்த வழக்கைச் செலவுத் தொகையுடன் தள்ளுபடி செய்யுமாறு கனம் கோர்ட்டாரைப் பிரார்த்திக்கிறேன்."

அத்தனை வக்கீல்களும் தலையை ஆட்டினார்கள். ஒருவருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அணுகுண்டு சட்டப்படி நல்லது, கேள்வி கேட்டவன் செலவைக் கட்ட வேண்டும்! நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்தவும் இல்லை. அந்த மண்டபத்தில் ஒரே ஒரு சிரிப்பு, அது பெண் சிரிப்பு.

பையன் வென்றான். அவையடக்கத்துக்கு என்று பத்து மதிப்பெண் தனியாக வைத்திருந்தார்களாம், அதில் எனக்குப் பூஜ்யம். மூத்த வக்கீல் என்னைக் கூப்பிட்டு, பெரிய மனதுடன் சொன்னார்:

"பேச்சு மோசமில்ல. சிரிச்சதுக்கு மேடையில மன்னிப்பு கேட்டுடு. ரெண்டு பேருக்கும் சேர்த்தே பரிசு குடுத்துடறோம்."

அம்மா வாசலிலிருந்து ஓடிவந்தாள். "கேட்டுடுவா சாமி, கேட்டுடுவா. ஏண்டி, கேளேன். உன் வாயில இருக்கிற முத்து கொட்டிடுமா?"

"எது தப்புன்னு மன்னிப்பு கேக்கறதுங்க? செக்‌ஷன் சொல்லுங்க," என்றேன்.

பஸ்ஸில் விழுப்புரம் வரும்வரை அம்மா என்னைத் திட்டினாள். "சிரிச்சாளாம் சிரிப்பு. ஒரு காலேஜையே சிரிச்சே தொலச்சிட்டா." அடுத்த நான்கு வருடமும் அதையேதான் சொன்னாள், சோறு போடும்போதுகூட. நான் உதவித்தொகை தரும் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தேன். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரி இல்லாமல் போனது எனக்கு வலிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மேடையில் தலை குனிந்து வாங்கியிருந்தால், படித்த ஒவ்வொரு பக்கத்திலும் அந்த ஆளின் முகம் தெரிந்திருக்கும்.

போன வருடம், 1968-இல், ஒரு நாள் மாலை அம்மா முறத்தில் மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நான் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்தேன். அணு ஆயுதம் பரவாமல் தடுக்க நாடுகள் ஒப்பந்தம் போடுகின்றன. ஏற்கெனவே வைத்திருக்கும் ஐந்து நாடுகளிடம் அது இருக்கும், மற்றவர்கள் செய்யவும் கூடாது, வாங்கவும் கூடாது. குறைப்பதைப் பற்றி அந்த ஐவரும் நல்லெண்ணத்தோடு பேசுவார்களாம்.

அம்மாவின் கை நின்றது. "வெஷம் வெச்சிருக்கிறவன் வெச்சிக்கலாம், இல்லாதவன் மட்டும் தொடக் கூடாது. அப்பிடியா?"

"அப்படித்தான்."

"இத எழுதன எடத்துல யாராச்சும் சிரிச்சாங்களா?"

"அப்படி ஒண்ணும் போடலம்மா."

அம்மா இன்னொரு பிடி மல்லாட்டையை எடுத்தாள்.

"நீ அங்க போயிருக்கணும்டி," என்றாள்.