வலிப்பு நின்ற பிறகு

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மலேசியாவில் தாப்பா பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து, ஜெலாப்பாங்கில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குத் தொழிற்சாலையில் வேலை. கணவர் லாரி ஓட்டினார். எங்கள் ஒரே மகளுக்கு எட்டு வயது.

கைக்குழந்தையிலேயே அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மருந்து மாற்றிப் பார்த்தார்கள். வலிப்பு நிற்கவில்லை, பிள்ளைதான் எந்நேரமும் தூங்கி வழிந்தாள். ஊட்டினால் சாப்பிடுவாள், உட்கார வைத்தால் உட்காருவாள். ரொம்பச் சாதுவான பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒரு சீன டாக்டர் மலாயில் நெடுநேரம் விளக்கினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. கூட இருந்த தமிழ்த் தாதி எடுத்துச் சொன்னார்.

"மூளையில ஒரு இடத்துல தழும்பு இருக்குக்கா. அங்கேருந்துதான் வலிப்பு கிளம்புது. இனி மருந்துக்குக் கேக்காது. கோலாலம்பூர்ல தலையைத் திறந்து அதை எடுத்துருவாங்க."

 மூளையில் கை வைத்தால் பெற்றவர்களையே மறந்துவிடுவாள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நல்லபடி வந்தாலும் வரலாம் என்றார் டாக்டர். என் கணவரோ உடனே சரி என்றுவிட்டார். "புள்ளை செத்துட்டா என்ன செய்வீங்க?" என்று கத்தினேன்.

"இப்ப மட்டும் அவ நம்மகூடவா இருக்கா? தூங்கிக்கிட்டேதானே இருக்கா" என்றார். நானும் சம்மதித்தேன்.

அறுவை சிகிச்சை நடந்தது. தலை நிறையக் கட்டோடு கிடந்தவள் கண் விழித்து, "அம்மா, தண்ணி" என்றாள். மறக்கவில்லை! வலிப்பும் நின்றது. மருந்தை மெல்ல மெல்லக் குறைத்தார்கள்.

பிறகுதான் குழப்பமே தொடங்கியது. என் மகள் எதிர்த்துப் பேசினாள். தட்டைத் தள்ளிவிட்டாள், கதவை அடித்துச் சாத்தினாள். இது யார் வீட்டுப் பிள்ளை என்று நான் திகைத்துப் போனேன். ஈப்போ டாக்டரிடமே போய், எதையோ கூடுதலாக எடுத்துவிட்டார்களா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆபரேஷனாலா, மருந்து குறைந்ததாலா, இல்லை அவள் குணமே இதுதானா என்று தனக்கும் தெரியவில்லை என்றார்.

ஒருநாள் மாலை பக்கத்து வீட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"கையை விடுங்கம்மா!"

விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று தெரியாது. தெருமுனையில் பொத்தென்று விழுந்தாள். வலிப்புதான் என்று அலறிக்கொண்டு ஓடினேன். பழக்கத்தில் அவளை ஒருக்களித்துப் படுக்க வைக்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். முட்டியில் ரத்தம். கண்ணில் அப்படி ஒரு கோபம்.

"ஒண்ணும் இல்ல லா! சும்மாதான் விழுந்தேன்!"

எழுந்து மறுபடியும் ஏறிப் போய்விட்டாள். நடுத்தெருவில் நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே நினைவில்லை.

இன்று அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்போதும் எதற்காவது என்னோடு சண்டை பிடிப்பாள், அப்போதெல்லாம் அந்த எட்டு வருடம் நான் வளர்த்தது இவளைத்தானா, இல்லை இவள் வந்து சேரும்வரை வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தேனா என்ற கேள்வி எனக்குள் எழும்.