டோலியில் ஏறிய கன்சோல்

அன்று அங்கே இருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். சென்னையிலிருந்து வந்த சவுண்ட் இன்ஜினியர், அவருக்கு ஒயர்களை ஈயத்தால் ஒட்டும் சால்டரிங் வேலை பார்த்த நான், எங்களை ஏற்றி வந்த ஜீப் டிரைவர், சுமை தூக்க வந்த மலை ஆட்கள் ஆறு பேர். எண்பதுகளின் தொடக்கம். ஐப்பசி மழை விட்டிருந்த சமயம். இடம், ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுக்கு அப்பால் ஓர் ஓடைக்கரை.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். வேலூரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்தேன். எதற்கெடுத்தாலும் பயம். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் வந்தபின், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பிப் போகிற ஆள். இதற்காக என்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. அந்த இன்ஜினியர் மட்டும், பயப்படுகிற கைதான் தனக்கு வேண்டும் என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டார்.

வண்டிச் சத்தம் கேட்காத இடத்தில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மலையில் ஒரு கல் வீட்டைப் பிடித்து, சுவரெல்லாம் தேங்காய் நார் மெத்தை அடித்து, சத்தம் எட்டாத தூரத்தில் ஒரு ஜெனரேட்டரும் வைத்திருந்தார். பல மைக்குகளில் வருகிற பாட்டையும் வாத்தியத்தையும் கூட்டிக் குறைத்து ஒன்றாகச் சேர்க்கிற பெரிய மேஜைதான் மிக்சிங் கன்சோல். வெளிநாட்டுச் சரக்கு வாங்க அவருக்கு வசதியில்லை. அதனால் வேலூரில் ஒரு வாடகை அறையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து அதைக் கட்டினோம். அவர் வரைந்து கொடுப்பார், நான் ஈயம் வைப்பேன். கட்டிலைவிட நீளம், தேக்குச் சட்டம், உள்ளே எண்ண முடியாத ஒயர்கள். ஒவ்வொரு இணைப்பும் என் கை வைத்தது.

மறுநாள் காலையில் நெல்லிவாசல்நாட்டிலிருந்து பாட்டுக்காரப் பெண்கள் நடந்தே வருவதாக ஏற்பாடு. ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கம் பாதையை மழை அரித்துக்கொண்டு போயிருந்தது. கன்சோலை ஏற்றி வந்த ஜீப் நின்றுவிட்டது. கல் வீடு மேலே, செங்குத்தான ஏற்றத்தில். டிரைவர் பக்கத்து ஊருக்குப் போய் ஆறு பேரைக் கூட்டி வந்தார்.

அவர்கள் கன்சோலுக்கு அடியில் இரண்டு மரங்களைக் கொடுத்துக் கயிற்றால் இறுக்கி, ஒரு சத்தம் போட்டு ஒரே மூச்சில் தூக்கினார்கள். உள்ளே எங்கோ 'டக்' என்றது. இறக்குங்கள் என்று கத்தினேன். இறக்கும்போது இன்னும் பலமாக இடித்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

புருவத்தில் தழும்பு இருந்த ஒருவர்தான் அவர்களுக்கு முன்னத்தி, அவர் சொல்வதைத்தான் மற்றவர்கள் கேட்டார்கள். என் வயதுதான் இருக்கும்.

"இன்னா ணா, உள்ள புள்ளத்தாச்சி எதுனா படுத்துனு கீதா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் இணைப்பு விட்டால்கூட நாளைக்கு வருகிற பெண்களில் யாராவது ஒருத்தியின் குரல் டேப்பில் ஏறாது, எது விட்டது என்று தேடவே மாதக்கணக்காகும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இன்னும் சிரிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து கன்சோலில் காதை வைத்துக் கேட்டார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "மூட்டை தூக்கற மாரி தூக்கிட்டோம். டோலி கட்டுங்கடா" என்றார்.

சாலை இல்லாத அந்த மலையில் நோயாளிகளையும் பிரசவ வலி கண்ட பெண்களையும் கம்பளியை மூங்கிலில் கட்டி, அதில் படுக்கவைத்துத்தான் தூக்கிப் போவார்கள். அதுதான் டோலி. அதற்கென்று அவர்களுக்கு ஒரு முறை உண்டு. சத்தம் போடக் கூடாது. எடுத்தால் போய்ச் சேரும்வரை தரையில் வைக்கக் கூடாது, நடந்தபடியே தோள் மாற்ற வேண்டும். மேடேறும்போது தலைமாடு மேட்டுப்பக்கம் இருக்க வேண்டும்.

கட்டி முடித்து, "இதுக்குத் தலை எந்தப் பக்கம் ணா?" என்று தழும்புக்காரர் கேட்டார். நான் திகைத்துப்போய், மைக் ஒயர்கள் வந்து சேருகிற பக்கத்தைக் காட்டினேன். அந்தப் பக்கத்தை மேட்டுக்குத் திருப்பினார்கள்.

"நீ மேல கை வச்சினே வா ணா. சொந்தக்காரங்க அப்படித்தான் வருவாங்க."

நான்கு பேர் தூக்கினார்கள். ஒருவர் முன்னால் போய்க் காலால் கல்லைத் தள்ளிக்கொண்டே வழி காட்டினார். இன்னொருவர் தோள் மாற்றக் கூடவே நடந்தார். பாதி ஏற்றத்தில் ஒருவருக்குக் கால் வழுக்கி முழங்கால் பாறையில் இடித்தது. ரத்தம் வந்தது, கம்பளி சாயவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

கல் வீட்டில் கன்சோலைக் கால்களில் நிறுத்தி, ஒயர்களை மாட்டி, ஜெனரேட்டரைப் போட்டோம். இன்ஜினியர் ஒரு மைக்கை வாசலில் வைத்துவிட்டு ஹெட்போனை என்னிடமே கொடுத்தார். முதல் குமிழை மேலே தள்ளினேன். ஒன்றுமில்லை. இன்னும் தள்ளினேன். புஸ் புஸ் என்று ஓர் இரைச்சல். போச்சு என்று தலைநிமிர்ந்து வாசலைப் பார்த்தேன். ஆறு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் எனக்குக் கேட்காமல் அடக்கிய மூச்சு அது. மைக்கை ஒவ்வொரு துளையாக மாற்றி மாற்றிச் சொருகினேன். எல்லாவற்றிலும் அந்த மூச்சு ஏறியது. ஓர் இணைப்பும் விடவில்லை.

இன்ஜினியர் ஆளுக்குப் பத்து ரூபாய் கணக்கில் பணத்தை எடுத்தார். தழும்புக்காரர் கையை நீட்டவில்லை.

"டோலிக்குக் கூலி வாங்கறதில்ல சார்."

அது மனுஷன் இல்லையே, மிஷின்தானே என்றார் இன்ஜினியர். தழும்புக்காரர் என்னைக் காட்டினார்.

"அண்ணன் அழுதுனே கூட வந்தாரே சார். அப்புறம் எப்படி வாங்கறது?"

தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். காலையில் பாட்டுக்காரப் பெண்கள் வந்தார்கள், எல்லோருடைய குரலும் ஏறியது.

என் பயத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் எத்தனையோ பேர். அதைத் தோளில் வாங்கிக்கொண்டு மேடேறியவர்கள் அந்த ஆறு பேர்தான். யாருக்காவது ஒரு ரூபாய் தர வேண்டியிருந்தாலும் தூக்கம் வராத எனக்கு, ஆளுக்குப் பத்து வீதம் இன்றுவரை பாக்கி நிற்கிற அந்த அறுபது ரூபாயை நினைத்தால் மட்டும் நெஞ்சு இதமாகிவிடுகிறது.