மீனுக்கு மேல் வாழைப்பழம்

பொரித்த மீனின் மேல் வதக்கிய வாழைப்பழம் ஒன்று கிடந்து, இனிப்பும் கவிச்சியும் கலந்த ஆவியை எங்கள் நான்கு முகங்களிலும் அடித்தது. "இதென்ன கோதாரி?" என்றார் அம்மா. இடம் போர்த்துக்கீசரின் மதீராத் தீவு. தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்குப் பதினொரு வயது.

அகதிகளாக லண்டனுக்கு வந்த பிறகு, தப்பி ஓடுவதற்காக அல்லாமல் சும்மா ஊர் பார்ப்பதற்கென்று நாங்கள் விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை. அப்பா லண்டன் வால்தம்ஸ்டோவில் பஸ் ஓட்டினார். விடுதியில் கொடுத்த தாளில், தீவின் உணவுகளைச் சுவைக்க ஏழு இடங்களும் அவற்றுக்கு நடந்து போகும் வழியும் குறித்திருந்தன. வழிகாட்டி ஒருவரைக் கூட்டிப் போவோமே என்று அக்கா கேட்டதற்கு, "தாள் இருக்கேக்க ஆள் எதுக்கு?" என்ற அப்பா, ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் பேனையால் நேரம் எழுதினார். முதல் இடத்தில், கல்லில் சுட்ட ரொட்டியின் உள்ளிப்பூண்டு வெண்ணெய் முழங்கைவரை வழிந்துகொண்டிருக்கும்போதே, "நாலு நிமிஷம் பிந்திட்டம், நடவுங்கோ" என்று கிளப்பிவிட்டார். அடுத்தது சந்தை. அக்கா ஒரு கொடித்தோடம்பழத்தின் புளிப்புச் சதையைக் கரண்டியால் தோண்டி முடிப்பதற்குள் அவர் தெருமுனையில் நின்று கையசைத்தார்.

மூன்றாவது, இந்தச் சாப்பாட்டுக்கடை. சந்தையில் அந்த நீளக் கறுப்பு மீனைக் கண்டதுமே, ஊர்ச் "சாவாளை" மீனின் சொந்தக்காரன் என்று அம்மா மகிழ்ந்திருந்தார். அதற்கு இப்படியொரு கதி நேர்ந்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. பழத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, கைப்பையிலிருந்த பிலிம் ரோல் டப்பாவைத் திறந்து, வறுத்த மிளகாய்த்தூளை மீன்மேல் தூவினார்.

கடைக்காரப் பெண் இடுப்பில் கைவைத்தபடி வந்து நின்றார். டப்பாவை வாங்கி, ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தார். கண்கள் கலங்கின. டப்பாவோடு உள்ளே போய்விட்டார். "பொலிசுக்குப் போன் அடிக்கப் போறா போல" என்று அப்பா மெல்லச் சொல்லி, எங்கள் அகதிப் பயணப் பத்திரங்களைச் சட்டைப்பைக்குள் தடவிப் பார்த்தார். அடுக்களையிலிருந்து இரண்டு தும்மல்கள் கேட்டன.

கடைக்காரப் பெண் திரும்பி வந்தபோது, மிளகாய்த்தூளில் புரட்டிப் பொரித்த மீன் தட்டில் சிவந்து கிடந்தது. அம்மா சாப்பிட்டுத் தலையாட்டினார். உடனே அந்தப் பெண், ஒதுக்கிய வாழைப்பழத்தை அம்மாவின் முன்னே நகர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை மருந்துபோல விழுங்கினார்.

"பரவாயில்லை."

பிறர் சமையலுக்கு அம்மா கொடுக்கும் ஆகக் கூடிய மார்க் அது. அடுத்த துண்டை யாரும் சொல்லாமலே அவர் எடுத்துக்கொண்டார். இனி அம்மா எழும்பமாட்டார் என்று தெரிந்ததும், அப்பா மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, மிச்ச நான்கு இடங்களுக்கும் தனியாக ஓடினார். அம்மா தமிழிலும் அந்தப் பெண் போர்த்துக்கீசிலும் இரண்டு மணி நேரம் பேசிச் சிரித்தார்கள். அப்பா வியர்க்க வியர்க்கத் திரும்பிவந்து, ஏழு இடங்களுக்கும் சரி போட்ட தாளைக் காட்டினார்.

"ஐஞ்சாவது இடத்தில என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று அக்கா கேட்டாள்.

அப்பா தாளைப் புரட்டிப் பார்த்தார். "நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திட்டன்."

போன ஆண்டு நான் அந்தத் தெருவுக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் செருப்பு விற்கிறார்கள். அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். லண்டனில் ஒருநாளும் இன்னொருத்தி பரிமாற, சும்மா உட்கார்ந்து சாப்பிட்டறியாத அம்மா, "அந்த மனிசி எங்கையெண்டாலும் நல்லா இருக்கோணும்" என்றார்.