தானாகச் சூடாகும் கண்ணாடி

எனக்கு எரிச்சல் கூடுதல், பொறாமைதான். இதை என் வாயால் சொல்வதற்கு ஐம்பத்தாறு வயது ஆக வேண்டியிருந்தது. மற்றவர்களின் நகை, வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாவற்றையும் பார்த்து வயிறு எரிந்து முடித்து, கடைசியில் ஒரு காரின் முன்கண்ணாடியில் வந்து நின்றேன்.

தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் தெருவில், எதிர்வீட்டு மேல்மாடிக்கு அவள் குடிவந்தது ஒரு டிசம்பரில். மன்னாரிலிருந்து வந்த பிள்ளை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். ஸ்ட்ரெதமில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலேயே அவளுக்கும் வேலை கிடைத்தது. காலை ஏழு மணி ஷிப்ட். பஸ் என்றால் இரண்டு மாற வேண்டும். என்னோடு காரிலேயே வரச் சொன்னது நான்தான். அந்தத் தெருவில் எங்கள் ஆட்களில் கார் ஓடுகிற பெண் அப்போது நான் ஒருத்திதான். என் கணவர் இன்றுவரை பஸ்ஸை நம்பிச் சீவிக்கிறவர். ஐந்தாம் தடவையில்தான் டெஸ்ட் பாஸ் பண்ணினேன் என்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

முதல் உறைபனி விழுந்த காலை நான் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறேன். அவள் கேத்தலோடு ஓடி வருகிறாள்.

"ஊத்தட்டோ அக்கா?" என்று கேட்டபடியே கொதிதண்ணீரைச் சரித்துவிட்டாள். நான் கத்திய கத்தலில் பாதித் தண்ணீர் நிலத்தில் போனது. மற்றப் பாதி கண்ணாடியில் விழ, மூலையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியது. அவள் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். அப்போதுதான் அவளுடைய கைகளைப் பார்த்தேன். விரல்கள் நுனியிலிருந்து நடுக்கணு வரைக்கும் மெழுகுதிரி மாதிரி வெளுத்திருந்தன. குளிர் பட்டால் அப்படித்தானாம். முதலில் உணர்ச்சி போகும், பிறகு சூடு ஏறும்போது நோவில் உயிர் போகும். கையைக் குளிரில் காட்ட வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். இந்த நாட்டில் இருந்துகொண்டு குளிரில் காட்டாமல் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அன்றைக்குச் சட்டம் போட்டேன். சுரண்டுவது நான், அவள் உள்ளே இருக்க வேண்டும். ஆறு பனிக்காலம் அப்படியே போனது. அவள் ஹீட்டரைப் போட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் பிளேன்டீ கொண்டுவந்த பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். நான் முன்கண்ணாடி, பின்கண்ணாடி, பக்கக் கண்ணாடி என்று சுற்றிச் சுற்றிச் சுரண்டுவேன். வாசல்படிக்கு உப்புப் போடுவதும் நான்தான், அவள் வீட்டு வாசலுக்கும் சேர்த்து. குப்பைத் தொட்டியை வீதிக்கு இழுக்கும் நாளில் அவளுடையதையும் இழுத்து விடுவேன். முன்கண்ணாடியில் ஐஸ் கழன்று என் முகம் அவளுக்குத் தெரியத் தொடங்கும் இடத்தில் ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் எப்போதும் அவள் இருக்கும் பக்கத்திலிருந்துதான் சுரண்டத் தொடங்குவேன்.

ஏழாவது வருடம் சித்திரையில் ஒருநாள், வேலை முடிந்து வரும்போது சொன்னாள்.

"அக்கா, பாஸ் பண்ணிட்டன்."

"என்னத்தை?"

"டிரைவிங்."

சிக்னல் பச்சை விழுந்தும் நான் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"எத்தினையாம் தரம்?"

"முதல் தரமே அக்கா."

சனிக்கிழமைகளில் சேர்ச்சில் பூசைக்குப் போகிறேன், கடைக்குப் போகிறேன் என்றதெல்லாம் டிரைவிங் வகுப்புக்குத்தானாம். பெயிலானால் வெட்கம் என்று சொல்லவில்லையாம். நல்லது பிள்ளை என்றேன். வாய் கசந்தது. அவள் காரோடுவது எனக்கு நட்டமில்லை, பெற்றோல் மிச்சம். ஆனால் என்னைக் கேட்காமல், என் பக்கத்து சீற்றிலிருந்தே நான் கியர் மாற்றுவதைப் பார்த்துப் பார்த்து, நான் ஐந்து தடவை முக்கியதை ஒரே தடவையில் முடித்துவிட்டாளே என்று அன்று முழுக்க எரிந்தது. 

பிறகு கார் வாங்க என்னைத்தான் கூப்பிட்டாள். எங்கள் ஆட்கள் ஷோரூமுக்குத் தனியாகப் போகமாட்டார்கள். யாராவது விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் சில்லின் டயரை உதைத்துப் பார்த்து, பொனட்டைத் திறக்கச் சொல்லி, விளங்கினாலும் விளங்காவிட்டாலும் தலையை ஆட்ட வேண்டும். அந்த வேலைக்கு நான் போனேன். குறொய்டன் பக்கத்தில் பெரிய கண்ணாடிக் கட்டடம். உள்ளே கார்கள் எல்லாம் பூசைக்கு வைத்த மாதிரிப் பளபளவென்று நின்றன. கூர்ச்சப்பாத்துப் போட்ட விற்பனையாளர் ஒருவர் மெஷின் கோப்பி எடுத்துத் தந்து, மூச்சு விடாமல் பேசினார்.

இல்லத்தில் வயதானவர்கள் ஆறுதலாக, மெதுவாகப் பேசுகிற ஆங்கிலம் அவளுக்கு விளங்கும். இந்த வேகம் பிடிபடவில்லை. ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்தாள். நான் சுருக்கிச் சொன்னேன். எத்தனை மைல் ஓடியது, எத்தனை வருட வாரண்டி, மூன்று வருடத் தவணை முடியத் திருப்பிக் கொடுத்து மாற்றலாம். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன்.

ஒரே மொடலில் இரண்டு கார் நின்றன. ஒன்று வெள்ளை, மற்றது சாம்பல். விலை ஏறக்குறைய ஒன்றுதான். விற்பனையாளர் சாம்பல் காரின் கதவைத் திறந்து, அதில் குளிர்காலத்துக்கு விசேஷ ஏற்பாடு உண்டு என்றார். ஒரு சுவிச்சை அமத்தினால் முன்கண்ணாடி தானாகச் சூடாகி, இரண்டு மூன்று நிமிடத்தில் ஐஸ் எல்லாம் உருகி ஓடிவிடும். ஸ்டியரிங்கும் சூடாகும், கை குளிராது.

கை குளிராது என்று அவர் சொன்னபோது நான் அவளுடைய கையைப் பார்த்தேன். கோப்பிக் கப்பைச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"என்னவாம் அக்கா?"

என் காரில் ஒரு மூலையில் வெடிப்பு இருந்தது. அவள் ஊற்றிய தண்ணீரால் வந்த வெடிப்பு. நான் இனியும் விடிய எழும்பிச் சுரண்டப் போகிறேன். இவள் எதிர்ப்பக்கத்தில் சுவிச்சை அமத்திவிட்டு பிளாஸ்கோடு இருக்கப் போகிறாள். கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சிரிப்பு, எனக்கு இல்லாமல்.

"அது தேவையில்லாத சாமான். கண்ணாடிக்குள்ள கம்பி கிடக்காம். பழுதானால் முழுக்க மாத்த வேணும். வெள்ளையை எடு, வடிவாயிருக்கு."

வாய் கூசவில்லை. அவள் உடனே வெள்ளையைக் காட்டினாள். விற்பனையாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

காருக்கு ஃபாதர் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தார். அது போதாதென்று, சில்லுக்கு அடியில் தேசிக்காய், அதுதான் எலுமிச்சம்பழம், வைக்க வேண்டும், அதை நான்தான் வைக்க வேண்டும் என்று அவள் நின்றாள். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் என் கார் தேசிக்காய் மிதித்த கதையை நான்தான் அவளுக்கு முன்பு அளந்திருந்தேன். நாலு சில்லுக்கும் நாலு வைத்தேன். அவள் காரை எடுத்தாள். மூன்று நசிந்தது. நாலாவது உருண்டு ஓடி வீதியோரத்துச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தது. அவள் முகம் வாடியது. அதெல்லாம் ஒன்றுமில்லை என்று நான் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு நல்ல சந்தோஷம்.

ஒரு கிழமை என் கார், அடுத்த கிழமை உங்கள் கார் என்று போவோம் அக்கா என்று கேட்டாள். எனக்கு வழியில் வேலை இருக்கிறது என்றேன். ஆறு வருடமாக இல்லாத வேலை. ஒரே தெருவில் இருந்து ஒரே இல்லத்துக்கு, ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு கார் போயின.

அந்த வருட முதல் உறைபனிக்கு நான் வேண்டுமென்றே நேரத்தோடு எழும்பினேன். கர்ட்டினுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவள் இரண்டு கையுறை போட்டு, அதற்கு மேல் சால்வையைச் சுற்றி, சுரண்டியைப் பிடிக்க முடியாமல் பிடித்துச் சுரண்டினாள். இரண்டு இழுவைக்கு ஒருதரம் கையைக் கக்கத்துக்குள் வைத்தாள். நான் அங்கேயே நின்று தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். பிறகு வெளியே போய் என் காரைச் சுரண்டிவிட்டு, அவளுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனேன். இப்படி நாலைந்து நாள்.

அந்தக் கிழமையே ஒரு காலை, இல்லத்தில் ஒரு வயதான அம்மாவுக்கு அவள் கார்டிகன் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். விரல் மடங்கவில்லை. பொத்தான் நழுவி நழுவிப் போனது. அந்த அம்மாவுக்கு ஞாபகம் எல்லாம் போய்விட்டது, தன் மகளின் பெயர்கூடத் தெரியாது. அவர் இவளுடைய இரண்டு கையையும் பிடித்துத் தன் கழுத்துக்குள் வைத்துக்கொண்டார். வைத்துவிட்டு, யார் உன்னை இந்தக் குளிருக்குள் விட்டது என்று கேட்டார். நான் பக்கத்துக் கட்டிலுக்குத் துப்பட்டி விரித்துக்கொண்டிருந்தேன். விரித்த துப்பட்டியைத் திரும்பக் கழற்றி விரித்தேன்.

மறுநாள் அவள் இறங்கி வருவதற்கு முன்பே அவள் காரைச் சுரண்டிவிட்டேன். அடுத்த நாளும். பிறகு அதுவே வழக்கமாகிப் போனது. முதலில் அவளுடையது, பிறகு என்னுடையது. மூன்று பனிக்காலம். எனக்கு முழங்கை நோகத் தொடங்கியது. அவள் பூசைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தாள், கூடப்பிறந்ததும் இப்பிடிச் செய்யாது என்று. யாராவது என்னைக் கண்டு அதைச் சொன்னால், அதற்குப் பிறகு அன்று முழுவதும் நான் ஒருவரோடும் நல்லமாதிரிக் கதைக்க மாட்டேன். அவள் சொல்கிற அந்த அக்காமீதும் எனக்கு எரிச்சலாக இருந்தது. எவ்வளவு நல்லவள்.

தவணை முடிந்தது. காரை மாற்றப் போக வேண்டும், வாங்கோ என்றாள். அதே கண்ணாடிக் கட்டடம். கூர்ச்சப்பாத்துக்காரர் இல்லை, ஒரு பெண் இருந்தார். ஆறுதலாகப் பேசினார். இந்த மூன்று வருடத்தில் அவளுடைய ஆங்கிலமும் ஓடத் தொடங்கியிருந்தது. அந்தப் பெண் ஒரு நீலக் காரைக் காட்டி, முன்கண்ணாடி சூடாகும், ஸ்டியரிங் சூடாகும் என்று சொல்ல, என் மொழிபெயர்ப்புக்கு அவள் காத்திருக்கவில்லை.

"நோ நீட்," என்று சிரித்தாள். "மை சிஸ்டர் டஸ் இட்."

பிறகு என் பக்கம் திரும்பி, "உது தேவையில்லாத சாமான் எண்டு நீங்கள் முந்தியே சொன்னனீங்கள் தானே. எனக்கு நீங்கள் இருக்கிறியள்" என்றாள்.

நான் பேசாமல் இருந்தால் போதும். உலகம் அழியும்வரைக்கும் அவளுக்கு நான் வேண்டும். அந்த நினைப்பு எனக்கு இனித்தது. அதை மறைக்க மாட்டேன். வாயைத் திறக்கப் பிடிக்கவே இல்லை. ஆனால் அவள் வேறொரு காருக்குக் கையெழுத்து வைக்கப் பேனையை எடுத்தாள். வெளியே இன்னும் குளிர் விடவில்லை, நாங்கள் காரிலிருந்து இறங்கி ஐந்து நிமிடம்தான். பேனையைப் பிடித்த விரல்கள் மூன்று இன்னும் வெள்ளையாகவே இருந்தன.

"சூடாகிறதை எடு பிள்ளை."

"ஏன் அக்கா?"

"அண்டைக்குக் கார் வித்த மனிசன் சொன்னதும் இதைத்தான். கண்ணாடி சூடாகும், கை குளிராது எண்டு. விலையும் ஒண்டுதான். கம்பி பழுதாகும் எண்டது நான் சொன்னது. அவர் சொல்லேல்லை."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பேனையை மேசையில் வைத்தாள். கைகளை மேசைக்குக் கீழே கொண்டுபோனாள்.

"ஏன் அக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"எரிச்சல்."

 அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். நீலக் காரைத் தானே கேட்டு, தானே பேசி, தானே கையெழுத்து வைத்தாள்.  அந்தக் காருக்கு யார் தேசிக்காய் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

இந்த வருடம் உறைபனி நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே விழுந்துவிட்டது. அவள் வந்து காருக்குள் ஏறி, சுவிச்சை அமத்துகிறாள். என் ஒரு பக்கக் கண்ணாடி முடிவதற்குள் அவளுடையது முழுவதும் உருகி வடிந்துவிடுகிறது. உள்ளே ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு இருக்கிறாள். என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அந்தக் கண்ணாடிமீதுகூட எனக்கு இப்போது எரிச்சல்தான். இல்லத்தில் வேலை விஷயம் மட்டும் கதைக்கிறாள். அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள்.

அவள் போகலாம். வீதி வெறிச்சென்றுதான் இருக்கும். ஆனால் இன்னும் நன்றாக விடியாத அந்த நேரத்தில் அவள் காரின் முன்விளக்கைப் போடுகிறாள். அந்த வெளிச்சம் தெருவைத் தாண்டி வந்து என் கண்ணாடியில் விழுகிறது. எங்கே ஐஸ் மிச்சமிருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. நான் சுரண்டி முடித்து, மூலையில் அந்த வெடிப்பைத் துடைத்து, காருக்குள் ஏறுகிறவரைக்கும் அவள் இறங்கி வருவதும் இல்லை, போவதும் இல்லை.