கடைசி சீன்

எடிசன் நகரில் எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலேயர், ஒரு காலத்தில் லண்டனில் சினிமா இயக்குநர். தன் படத்தின் கேசட்டைத் தந்து, "என்னிடம் இருப்பது இது ஒன்றுதான், பாருங்கள்" என்றார். வாங்கி டிவி மேல் வைத்ததோடு சரி.

மகளின் பிறந்தநாள் வீடியோவை காப்பி பண்ண வேறு கேசட் இல்லை.

"அந்தப் பழைய படத்து மேலயே ரெக்கார்ட் பண்ணிடு. அவர் எங்க கேட்கப் போறார்?" என்றார் என் கணவர். பண்ணிவிட்டேன்.

ஆனால் அந்த மனிதர் கேட்டார், எந்த சீன் பிடித்தது என்று.

"கடைசி சீன்" என்று கூசாமல் புளுகினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கேசட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அவர் இறந்த அன்றுதான் அதை முழுதாக ஓடவிட்டேன். கேக் வெட்டி, கைதட்டல் ஓய்ந்ததும் திரை நடுங்கியது. ஆளில்லாத கடற்கரையில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் பெயர் வந்தது. படம் முடிந்தது.

அவருடைய படத்தில் நான் மிச்சம் வைத்தது அந்த ஒரு சீனைத்தான்.